பழைய டர்போ ஆட்டோமேடிக்: டீசல் கணக்கும் கியர்பாக்ஸ் கணக்கும்

திண்டுக்கல்லில் செகண்ட்ஸ் வண்டி பார்க்கப் போகிறவர் வாயில் முதலில் வருவது, "மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்ற கேள்விதான். விற்கிறவரும் அதற்கு ஓர் எண்ணைத் தயாராக வைத்திருப்பார். "ஹைவேஸ்ல பதினாலு, பதினஞ்சு அசால்ட்டா கொடுக்கும்ணே. டாக்டர் ஓட்டுன வண்டி." நம் பக்கம் விலைக்கு வரும் ஆட்டோமேடிக் வண்டிகளில் இத்தனை எப்படி டாக்டர் வண்டியாகவே அமைகிறது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அது போகட்டும். மைலேஜ் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது: கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 13 கொடுக்கும் வண்டிக்கு ஆண்டுச் செலவு சுமார் 85,850 ரூபாய். 11 கொடுக்கும் வண்டிக்குச் சுமார் 1,01,450. வித்தியாசம் மாதம் 1,300 ரூபாய் சொச்சம். அந்த இரண்டு கிலோமீட்டருக்காக ஊரெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றி வேலை பார்க்க நேர்ந்தால் பில் லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். ஏழெட்டு ஆண்டு மிச்சம் பிடித்த டீசல் காசு ஒரே நாளில் போய்விடும்.

இதனால் மைலேஜ் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. வாங்கிய பிறகு அதுதான் வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் முதல் சாட்சி. அதைப் பின்னால் பார்ப்போம்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

ஐரோப்பாவில் வேகன் என்பது காரின் கூரையைப் பின்கதவு வரை நீட்டிச் சாமானுக்கு இடம் செய்த வண்டி. இந்தியாவில் அந்த உருவம் எடுபடவே இல்லை. டாடா 1992-ல் எஸ்டேட்டைக் கொண்டுவந்தது. 2004-ல் இண்டிகோ மெரினா வந்தது. கூடவே மாருதி பலேனோ அல்ட்யூரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி. ஒன்றும் நிற்கவில்லை. டிக்கி வைத்த காரைத்தான் கார் என்று ஒப்புக்கொண்டார்கள் நம் ஆட்கள். வேகன் செய்ய வேண்டிய வேலையை, அதாவது ஏழு பேரையும் பாத்திரம் பண்டத்தையும் பழனிக்கும் குலதெய்வக் கோவிலுக்கும் ஏற்றிப்போவதை, இன்னோவாவும் ஸ்கார்ப்பியோவும் எக்ஸ்யூவி 500-உம் எடுத்துக்கொண்டன. எனவே இந்த அத்தியாயத்தில் பழைய டர்போ ஆட்டோமேடிக் என்றால் பெரும்பாலும் இவைதான்: 2016-லிருந்து 2020 வரை வந்த இன்னோவா கிரிஸ்டா 2.8 ஆட்டோமேடிக், 2015 கடைசியில் ஆட்டோமேடிக்கான எக்ஸ்யூவி 500, 2008-லிருந்து வந்த ஸ்கார்ப்பியோ எம்-ஹாக் ஆட்டோமேடிக், 2017-ல் வந்த டாடா ஹெக்ஸா. இவற்றோடு கார் வகையில் ஸ்கோடா லாரா, ஆக்டேவியா, சூப்பர்ப் டீசல்கள்.

இவற்றில் கிரிஸ்டாவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2023-லிருந்து டீசல் கிரிஸ்டா மேனுவல் கியரில் மட்டுமே வருகிறது. டீசலும் ஆட்டோமேடிக்கும் சேர்ந்த இன்னோவா வேண்டுமென்றால் பழையதைத் தேடுவது ஒன்றே வழி. விலை இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். மற்றவற்றில் விலை நன்றாகவே இறங்கும். ஆனால் விலை இறங்கிய அளவுக்கு உதிரிப் பாகத்தின் விலை இறங்காது என்பதை நினைவில் வையுங்கள். 2017 கடைசியோடு செவ்ரோலே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. இன்றைக்கு ஒரு கேப்டிவா ஆட்டோமேடிக் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது என்று பொருள்.

டீசல் எங்கே போகிறது

ஆட்டோமேடிக்கில் மைலேஜ் குறைவதன் காரணமும் கியர்பாக்ஸ் கெடுவதன் காரணமும் ஒன்றுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கிரிஸ்டா, எக்ஸ்யூவி, ஹெக்ஸா போன்றவற்றில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்ச் பிளேட் கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் என்ற ஆயில் நிரம்பிய உருளை இருக்கிறது. உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள். இன்ஜின் ஒன்றைச் சுற்றும். அது தள்ளும் ஆயில் மற்றதைச் சுற்றும். மெதுவாக ஊரும்போது ஒன்று வேகமாகவும் மற்றது தாமதமாகவும் சுழலும். அந்த இடைவெளியில் வீணாகும் சக்தி வெப்பமாக மாறி ஆயிலில் இறங்குகிறது. வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் நழுவலும் இல்லை, வீணும் இல்லை.

இதைத் திண்டுக்கல் சாலைகளில் வைத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் நாகல் நகர்ப் பக்கமும் சாயங்காலத்தில் ஊரும் வண்டியில் லாக்-அப் பிடிப்பதே அரிது. தைப்பூசச் சமயத்தில் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகிறீர்கள். சாலையின் ஓரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், வண்டி முதல் கியரிலும் இரண்டாவதிலும் நகர்கிறது, உள்ளே ஏசி ஓடுகிறது. டீசலும் போகிறது, கியர்பாக்ஸ் ஆயிலும் வேகிறது. ஆயில் வழக்கமான சூட்டைவிடப் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது ஆயில் துறையில் புழங்கும் பொதுவான கணக்கு. மாசி முடிந்தாலே 38, 39 டிகிரியைத் தொடும் ஊரில் இந்தக் கணக்கு சும்மா இருக்காது.

நான்குவழிச் சாலையில் கதையே வேறு. தேசிய நெடுஞ்சாலை 44-ல் கொடைரோடு சுங்கச்சாவடி தாண்டி மதுரைக்கோ, வேலன்செட்டியூர் தாண்டி கரூருக்கோ 80, 85-ல் ஒரே சீராகப் போனால் ஆட்டோமேடிக்குக்கும் மேனுவலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 110-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதுவும் கிரிஸ்டா போல நெஞ்சு நிமிர்ந்த வண்டிக்கு. மதுரைக்கு 65 கிலோமீட்டரில் நீங்கள் மிச்சம் பிடிப்பது பத்து நிமிடம். கூரைமேல் கேரியர் இருந்தால் சபரிமலை சீசன் முடிந்ததும் கழற்றி வையுங்கள். ஆண்டு முழுவதும் அதைச் சுமந்துகொண்டு மைலேஜ் குறைகிறது என்று மெக்கானிக்கிடம் புலம்புகிறவர்களைப் பார்க்கிறேன்.

கொடைக்கானல் மலை தனி. வத்தலக்குண்டிலிருந்து மேலே போகும்போது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு 2,350 கிலோ எடையுள்ள வண்டியை அத்தனை உயரம் தூக்கவே, சாதாரண ஓட்டத்துக்கு ஆகும் டீசலுக்கு மேல், சுமார் 4 லிட்டர் ஆகும். ஆகவே ஏறும்போது லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் என்று திரை காட்டினால் பயப்பட வேண்டாம். இறங்கும்போது திரும்ப வரும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கினால் இன்ஜெக்டர்கள் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டு இறக்கினால் இன்ஜின் ஓடுவதற்காவது டீசல் குடிக்கும். "நியூட்ரல்ல விட்டா மிச்சம்" என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்று அதில் மிச்சமும் கிடையாது, இன்ஜின் பிடிமானம் போய்ப் பிரேக் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். பெருமாள்மலையிலிருந்து கீழே வரும்போது லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிறுத்தி வாருங்கள். டம்டம் பாறைப் பக்கம் பிரேக் லைனிங் கருகும் வாடை காற்றில் வந்தால், அது பெரும்பாலும் டி-யிலேயே இறங்கி வரும் வண்டியுடையது.

டர்போவின் அருமை தெரிவதும் இந்த மலையில்தான். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்திருக்கும். டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு இழுவையை இழக்கும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளிப் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

கிரிஸ்டா 2.8 ஆட்டோமேடிக்குக்கு வண்டிகளைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் மைலேஜ் சான்றிதழில் உள்ள எண் 14.29, 2.4 மேனுவலுக்கு 15.10. இந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி அளப்பது. நல்ல நிலையில் உள்ள கிரிஸ்டா 2.8 ஊருக்குள் எட்டிலிருந்து ஒன்பது, நான்குவழியில் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று, கொடைக்குப் போய்வந்தால் சராசரி பத்து கொடுத்தால் திருப்தியாக இருங்கள். எக்ஸ்யூவி ஆட்டோமேடிக் இதை ஒட்டியே வரும். ஆக்டேவியா 2.0 டீசல் உருவத்தில் தாழ்ந்தது, எடையும் குறைவு. நெடுஞ்சாலையில் பதினேழு சர்வசாதாரணம்.

டேஷ்போர்டுத் திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், துப்பாக்கி தானாக 'டக்'கென்று நிற்கும் வரை மட்டும் நிரப்புங்கள். "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று அதற்கு மேல் நிரப்ப விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். அடுத்த முறை அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பும்போது 412 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 36.5 லிட்டர் பிடித்தது என்றால் 11.3. ஒருமுறை எடுத்ததை வைத்து முடிவுக்கு வராமல் நான்கைந்து நிரப்பலைச் சராசரி எடுங்கள். முந்தைய ஓனர் அகலமான டயர் மாற்றியிருந்தால் கிலோமீட்டர் மீட்டரே தப்பாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக் குறித்து வைத்தால் என்ன லாபம்? பதினொன்றேகாலாக இருந்த வண்டி இரண்டு நிரப்பலுக்குள் ஒன்பதுக்கு விழுகிறது என்றால் அது டீசலின் குற்றமாக இருப்பது அபூர்வம். எங்கோ ஒன்று கழன்றிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது.

டர்போ போச்சு என்று சொல்லும் முன்

இழுவை குறைந்து, ஏற்றத்தில் கரும்புகை தள்ளி, மைலேஜும் விழுந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் வரும் முதல் தீர்ப்பு: "டர்போ போச்சு சார்." போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய மலிவான இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்கள். எட்டுப் பத்து ஆண்டு வெயிலில் வெந்த ரப்பர் கிளாம்ப்புக்குப் பக்கத்தில், அடிப்புறமாகத்தான் கிழியும். மேலே இருந்து பார்த்தால் புதிதாக இருக்கும். விரலை அடியில் விட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வெடிப்பு தட்டுப்படும். டர்போ அழுத்திய காற்று அந்த வழியாக வெளியே போய்விடுகிறது. சென்சாரோ காற்று வந்ததாக நினைத்து டீசலை விடுகிறது. அதுதான் கரும்புகை. சோப்பு நுரையை ஹோஸ் மேல் தடவி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து இன்ஜினை ரேஸ் செய்யச் சொன்னால் கிழிசலில் குமிழி வரும். இரண்டாவது, டர்போவின் இறக்கைகளை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய். பென்சில் கனம்கூட இருக்காது. நுனியில் வெடித்து நிற்கும் இந்தக் குழாயின் விலை நூறு, இருநூறு ரூபாய். இதைப் பார்க்காமல் டர்போவையே மாற்றிய வண்டிகள் இருக்கின்றன. எல்லா வண்டியிலும் இந்தக் குழாய் இருக்காது. சிலவற்றில் ஆக்சுவேட்டர் மின்மோட்டாரில் இயங்கும்.

உண்மையிலேயே டர்போ தேய்ந்திருந்தால் புகை நீலமாக இருக்கும். கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டுப் பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலமாக ஒரு மேகம் கிளம்பும். ஆயில் அளவும் இறங்கும். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே லேசான ஈரம் இருப்பது சகஜம். ஆயில் தேங்கி ஒழுகினால் சகஜமில்லை. காற்று வரும் பக்கக் குழாயை எடுத்துவிட்டு டர்போவின் அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசையலாம். முன்னும் பின்னும் நகர்ந்தால் வேலை வந்துவிட்டது.

டர்போவைக் கொல்வது ஆயில் இல்லாமையும் சூடும்தான். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இன்ஜின் ஆயிலைக் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது, காலையில் செல்ஃப் அடித்தவுடன் உறுமவிடாமல் அரை நிமிடம் பொறுப்பது, ஏற்றம் ஏறி வந்த வண்டியைச் சட்டென்று அணைக்காமல் இருப்பது: இந்த மூன்றும் போதும். கொடைக்குப் போகிறவர்கள் வெள்ளி நீர்வீழ்ச்சியில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். நாற்பது கிலோமீட்டர் ஏறிய கையோடு ஓரம் கட்டி, அந்த நொடியே சாவியைத் திருப்பி, போட்டோ எடுக்க ஓடுகிறார்கள். டர்போவின் வெளிக்கூடு அப்போது நூற்றுக்கணக்கான டிகிரியில் இருக்கும்; உள்ளே நின்றுபோன ஆயில் கரியாகப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். போட்டோவுக்கு நீர்வீழ்ச்சி காத்திருக்கும்.

பெட்டியும் அதன் ஆயிலும்

"சீல்டு கியர்பாக்ஸ் சார், லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்." சர்வீஸ் கவுன்டரில் இதைக் கேட்டிருப்பீர்கள். யாருடைய லைஃப்டைம் என்பது கேள்வி. வாரன்டி முடியும் வரை தாங்கினால் நிறுவனத்துக்குப் போதும், உங்களுக்குப் போதாது. மலையும் வெயிலும் நெரிசலும் சேர்ந்த ஊரில் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு 60,000-லிருந்து 80,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிவிடுங்கள். ஓட்டையைத் திறந்து வடித்தால் பெட்டியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கும். அதனால் வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப வடித்து நிரப்புவது நல்ல முறை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை ஆயிலே மாற்றாத பெட்டியை மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவ வேண்டாம். படிந்து கிடக்கும் துகள்கள் கிளம்பி வால்வ் பாடியின் ஊசித்துளைகளை அடைக்கக்கூடும்.

எந்த ஆயில் என்பதில் சமரசமே கூடாது. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ். என்றால் அதுதான். 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்று டின்னில் எழுதியதை ஊற்றவிடாதீர்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓட, வழியும் துளை வழியாக அளவு பார்க்க வேண்டும். அந்தச் சூட்டை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். ஆகவே ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி, "ஸ்கேனர் போட்டுத்தான் லெவல் பார்ப்பீங்களா?" பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளின் டிஎஸ்ஜி வேறு ஜாதி. அதில் இரண்டு கிளட்ச் இருக்கின்றன. கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் பிடிக்கிறது. நழுவல் குறைவு என்பதால் மைலேஜ் நன்றாகவே இருக்கும். லாரா, ஆக்டேவியா 2.0, சூப்பர்ப் டீசல்களில் வந்த ஆறு கியர் பெட்டியின் கிளட்ச்கள் ஆயிலில் மூழ்கியவை. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் உழைக்கும். ஏழு கியர் பெட்டிகளில் ஒரு வகையின் கிளட்ச்கள் உலர்ந்தவை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் ஊருக்கு அது ஆகவே ஆகாது. மெக்கட்ரானிக் என்ற மூளைப் பகுதியும் அதில் பலவீனம். 2013-ல் சீனாவில் டிஎஸ்ஜி கோளாறுக்காக ஃபோக்ஸ்வேகன் 3.84 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. என் முடிவு எளிது: ஆறு கியர் என்றால் பில்லைப் பார்த்து வாங்கலாம்; ஏழு கியர் உலர் பெட்டி என்றால், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும், திண்டுக்கல்லுக்கு வேண்டாம்.

பழைய ஸ்கார்ப்பியோ ஆட்டோமேடிக்கின் பெட்டி ஆஸ்திரேலியாவின் டிஎஸ்ஐ நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம் 2009-ல் நொடித்து, சீனாவின் ஜீலி கைக்குப் போனது. பாகம் கிடைக்கும் இடத்தை உறுதிசெய்துகொண்டு தொடுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், தண்ணீர். திண்டுக்கல் போர்த் தண்ணீரின் உப்பு பாத்திரத்தில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டர் இறங்கினால் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து ஊற்றுவதை இந்த வண்டிகளில் அறவே விட்டுவிடுங்கள். பல ஆட்டோமேடிக்குகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேதான் ஓடுகிறது. உப்பும் துருவும் அந்தக் குழாயை அரித்தால் கூலண்ட் ஆயிலோடு கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு குழம்பு நிற்கும். அதைப் பார்த்த பிறகு ரேடியேட்டர், கன்வெர்ட்டர், பெட்டி மூன்றுக்கும் சேர்த்துச் செலவு. சரியான கூலண்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் சமபாதி கலந்து ஊற்றுங்கள். டிக்கியில் ஒரு கேன் கலந்தே வைத்திருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் வழி

வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். "சூடு பண்ணி வெச்சிருக்கேண்ணே" என்று சொன்னால் மறுநாள் போங்கள். செல்ஃப் அடித்ததும், பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து ஆர், ஆரிலிருந்து டி. ஒரு நொடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இரண்டு நொடி யோசித்துவிட்டு 'தடக்'கென்று உதைத்தால் பெட்டியில் அழுத்தம் குறைவு.

அப்புறம் ஊருக்குள் நெரிசலில் கால் மணி நேரம். பிறகு நான்குவழிக்கு வாருங்கள். 50-லிருந்து 70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டபடி போகும்போது, வேகத்தடைக் கோடுகள் மேல் போவதுபோல ஒரு நடுக்கம் சில நொடி வந்து மறைகிறதா என்று பாருங்கள். லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காததன் அடையாளம் அது. ஆயில் மாற்றினால் சில வண்டிகளில் சரியாகும், சிலவற்றில் கன்வெர்ட்டரே போகும். அந்தச் சந்தேகத்தை விலையில் கழிக்க வேண்டும்.

முடிவாகச் சிறுமலை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இதற்கென்றே வைத்ததுபோல இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழுந்து, கியர் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் 'விர்'ரென்று ஏறி வண்டி நகராமல் நின்றால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மேலே போனதும், பெட்டி நன்றாகச் சூடாக இருக்கும்போது, ஒரு சின்ன மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். குளிரில் ஒளிந்திருக்கும் நோய் இங்கே வெளியே வந்துவிடும். விற்கிறவர் சிறுமலைக்கு வர மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் முன் பானெட்டின் ஓரத்தையும் பம்ப்பரையும் கையால் தடவிப் பாருங்கள். சின்னத் திருகு ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தால் அங்கே கொடிக்கம்பம் இருந்திருக்கிறது. கட்சிக்காரர் வண்டி என்பதில் தப்பில்லை. மேடைக்குப் பின்னால் ஏசி போட்டபடி மணிக்கணக்கில் ஐடிலில் நின்ற வண்டி அது என்பதுதான் விஷயம். மீட்டர் 90,000 காட்டும். இன்ஜின் உழைத்ததோ அதைவிட எவ்வளவோ அதிகம்.

சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளமும் எத்தனையோ வண்டிகளை முக்கி எடுத்தன. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஆகாது.

பேப்பர்

டி.என். 57 வண்டி என்றால் விசாரிப்பது எளிது. வெளி மாநில வண்டி என்றால் கூடுதல் கவனம். 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளை டெல்லியில் ஓட்டத் தடை போட்ட பிறகு அங்கிருந்து சல்லிசாகத் தெற்கே வரும் வண்டிகள் உண்டு. தடையில்லாச் சான்று, இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துப் பார்த்த பின்னும் லாபமா என்று கணக்கிடுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் எத்தனையாவது ஓனர், வண்டி மேல் வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் தெரிந்துவிடும். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

வழியில் நின்றுவிட்டால்

ஆட்டோமேடிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பேட்டரியை மூன்று, நான்கு ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள். கயிறு கட்டி டிராக்டர் பின்னால் இழுத்துவரும் வழக்கமும் இதற்கு ஒத்துவராது. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உரசும். பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் நியூட்ரலில் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில், சாலையோரத்துக்கு நகர்த்தும் தூரம் மட்டுமே அனுமதிப்பார்கள். கிரிஸ்டாவும் ஸ்கார்ப்பியோவும் பின்சக்கர இழுவை. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் உருட்டிவரும் ரெக்கவரி வண்டி அவற்றுக்கு ஆகாது. போனில் கூப்பிடும்போதே "நாலு சக்கரமும் மேல ஏறுற பிளாட்பெட் அனுப்புங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே சாலை உதவி சேர்த்திருந்தால் அந்தச் செலவும் அதில் அடங்கும்; எத்தனை கிலோமீட்டர் வரை என்பதை மட்டும் பாலிசியில் பார்த்து வையுங்கள், கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் ஒர்க்‌ஷாப்புக்குச் சுமார் 95 கிலோமீட்டர்.